லோர்னா பேரில் ஒரு நைட்டிக் கடை

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஸ்டாம்ப் பேப்பரோடு மணிலாவில் போய் இறங்கிய முதல் ஆள் எங்கள் நைனாவாகத்தான் இருப்பார். அதை சூட்கேஸில் போட அவருக்கு மனசு வரவில்லை. சட்டைக்குள் பனியனோடு ஒட்டிச் சொருகி வைத்திருந்தார். பக்கத்து சீட்டில் அவர் பெண் நான். பி.காம். முடித்த திமிரில், இங்கிலீஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று வீட்டில் பீலா விட்டிருந்ததால் மொழிபெயர்ப்பாளர் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வெளிநாட்டுப் பயணம். இன்ஸ்டாவில் அள்ளிவிட ஏகப்பட்ட பிளான் வைத்திருந்தேன். கடைசியில் போட்டது ஒரே ஒரு போட்டோ. அதையும் திரும்பி வந்ததும் அழித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நைனாவின் தம்பி குமரேசன், என் சித்தப்பா, நான் பால்வாடிக்குப் போகிற காலத்திலேயே மணிலாவுக்குப் போனவர். டாக்டருக்குப் படிக்கப் போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு மெஸ்ஸில் சமைக்கப் போனார். மெஸ் மூடியதும் நைட்டி விற்க ஆரம்பித்தார். நைட்டியா என்று சிரிக்காதீர்கள். அந்த ஊர்ப் பெண்கள் வீட்டில் போடுவது டஸ்டர் என்கிற தொளதொள கவுன். பூப்போட்ட காட்டன், அரைக்கை, பக்கத்தில் ஒரு பாக்கெட். உத்திரமேரூர் பஜாரில் தொங்குவதைக் கழற்றி அங்கே மாட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சித்தப்பா நம்ம பக்கத்திலிருந்து துணி வரவழைத்து, அங்கேயே தைக்கக் கொடுத்து, ஒரு மார்க்கெட்டில் கடை போட்டுவிட்டார்.

ஆனால் கடை அவர் பேரில் இல்லை. பெரிய மூலதனத்தோடு வந்தால் ஒழிய, வெளிநாட்டுக்காரன் சின்னக் கடை வைக்க அந்த ஊர்ச் சட்டம் விடாது. அதனால் லைசென்ஸ், வாடகை எல்லாமே லோர்னா பேரில். லோர்னா அந்த மெஸ்ஸில் சித்தப்பாவோடு வேலை பார்த்த பெண். போன வருஷம் சித்தப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்து, ஒரு கை கொஞ்சம் தளர்ந்துவிட்டது. அன்றிலிருந்து நைனாவுக்கு ஒரே பேஜார்.

"அவனுக்கு ஒண்ணு ஆச்சின்னா கடை அவளுக்குப் பூடும். எழுதி வாங்கிடணும்."

நைனா மனை புரோக்கர். எங்கள் பக்கம் நிலத்தை மாமியார் பேரில் வாங்குவார்கள், டிரைவர் பேரில் வாங்குவார்கள். கூடவே ஒரு ஸ்டாம்ப் பேப்பரில், 'நான் பேருக்குத்தான், சொத்து இன்னாருடையது' என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். கோர்ட்டில் அது பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும். ஆனால் ஊரில் அதற்கு இருக்கிற மரியாதை சாமி படத்துக்குக்கூடக் கிடையாது. ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே பத்திரம் எழுதுகிறவரிடம் நைனா அப்படி ஒன்று எழுதி வாங்கினார். இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தது நான். சட்டத்தில் வருகிற நீள நீள வார்த்தைகளை எல்லாம் நெட்டில் பார்த்து அடித்துவிட்டு, செம கெத்தாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன். அம்மா மூலைக்கு மூலை மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைத்தாள். சித்தப்பாவிடம் யாரும் மூச்சு விடவில்லை. "தம்பியப் பாக்க வர்றோம்," அவ்வளவுதான்.

முதல் நாள் ஏர்போர்ட் வாசலுக்கு வந்ததுமே ஏமாற்றம். வெளிநாடு என்றால் குளிரும் என்று நினைத்தேன். மணிலாவின் வெயிலும் வியர்வையும் அப்படியே மே மாதத்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட். வழி நெடுக நைனா போர்டுகளைப் படிக்கச் சொன்னார். பேரெல்லாம் சான் இது, சாந்தா அது. ஆட்களைப் பார்த்தால் நம்ம பக்கத்து ஜாடை, பேர் மட்டும் ஸ்பெயினில் வாங்கியது. சித்தப்பா டாக்ஸி டிரைவரோடு அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். போனில் பேசும்போது ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன்.

அவர் இருந்தது மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி ரூம். கதவைத் திறந்த லோர்னாவுக்கு நாற்பதைத் தாண்டிய வயசு, நல்ல கறுப்பு, சுருட்டை முடி. போட்டிருந்தது கடை நைட்டி.

"வாங்க. சோறு கீது," என்றாள்.

நைனா செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் சித்தப்பாவிடம் கற்றுக்கொண்ட தமிழ். கீது, பூடுச்சி, இன்னா என்று எங்கள் ஊர் அச்சு பிசகாமல் வந்தது. நடுவில் தெரியாத வார்த்தைக்கு இங்கிலீஷ். நைனாவை குயா என்றாள். குயா என்றால் அண்ணன்.

சாப்பாடு செமையாக இருந்தது. மூன்று வேளையும் சோறு தின்கிற ஜனம், நம்ம ஆட்கள்தான். புளி போட்ட மீன் குழம்பு, ஆனால் மிளகாய் கிடையாது, ரசத்துக்குள் மீன் குதித்த மாதிரி. பப்பாளிக் காயில் ஊறுகாய், அதன் பேரே ஆச்சாரா. பூண்டு வதக்கிய சோற்றோடு கருவாடு வந்ததும் நைனா அதிகாரியிலிருந்து அண்ணனாகிவிட்டார். இதற்கா விமானம் ஏறி வந்தோம், நம்ம வூட்டுலயே இருக்கிற மாதிரி கீதே என்று ரெண்டாம் முறை கேட்டு வாங்கினார். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று ஒரு பேர் உண்டு இல்லையா, அது இங்கே என்னவென்று கேட்டார். மானி என்றாள் லோர்னா. ஸ்பெயின்காரன் அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த சரக்கு அது என்று சித்தப்பா சொன்னார். எங்கள் கொல்லையில் விளைவதாக நான் நினைத்திருந்த கடலைக்கு என்னைவிடப் பெரிய பாஸ்போர்ட்.

சாப்பிட்டு முடித்ததும் லோர்னா தன் முடியைத் தொட்டுக் காட்டி ஒரு கதை சொன்னாள். மணிலாவை ஒரு காலத்தில் இங்கிலீஷ்காரன் பிடித்தான். அதற்கு மதராசிலிருந்து சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி வந்தான். திரும்பிப் போகும்போது சில பேர் கப்பல் ஏறாமல் நழுவி, கைன்டா என்கிற ஊரில் தங்கி, அங்கேயே கல்யாணம் கட்டினார்கள். அவள் அம்மாவின் ஊர் கைன்டா. "குயா, நான் உங்க ஊர்க்காரி. உங்க மிலிட்டரி என்னை விட்டுட்டுப் பூடுச்சி," என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். நைனா என் பக்கம் சாய்ந்து, அந்த சிப்பாய் இன்னா சாதின்னு தெரியுமாம்மா, கேளேன் என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையே இருக்கவில்லை. சாதி என்கிற வார்த்தையையும் சித்தப்பா அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார் போல. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கடைக்கு நாங்களே வருகிறோம் என்று வீராப்பாக ஜீப்னி ஏறினோம். ஷேர் ஆட்டோவை இழுத்து நீட்டி, மேலே ஏசு படமும் கண்ணைப் பறிக்கிற பெயின்டும் அடித்தால் ஜீப்னி. கண்டக்டர் கிடையாது. பின்னால் இருப்பவர் காசு கொடுத்தால் அது கை மாறிக் கை மாறி டிரைவருக்குப் போகிறது, மீதி அதே வழியில் திரும்பி வருகிறது. காஞ்சிபுரம் பஸ்ஸில் கூட்ட நேரத்தில் செய்கிற வேலைதானே, நைனா உற்சாகமாகி எல்லோர் காசையும் வாங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார். இந்த மும்முரத்தில் ஸ்டாப்பிங் வந்ததைக் கவனிக்கவில்லை. விசில் அடிப்பார்கள் என்று காத்திருந்தோம். அடிக்க ஆள் இருந்தால்தானே. நைனா திடீரென்று ஹோல்டான் என்று கத்த, வண்டியே சிரித்தது. எங்கோ இறங்கி, ஓரிக்கையில் இறங்க வேண்டியவன் செவிலிமேட்டில் இறங்கிய கதையாக, சாக்கடைத் தண்ணீரில் கால் நனைத்துத் திரும்பி நடந்தோம்.

கடை என்றால் ஒரு அலமாரி அகலம். சுற்றிலும் நைட்டி, நடுவில் ஒரு ஸ்டூல், அதில் சித்தப்பா. துணி அவர் பொறுப்பு, கல்லா லோர்னா பொறுப்பு. தளர்ந்த கையால் அவரால் கத்தரி பிடிக்க முடியவில்லை. அவர் துணியை விரித்துக் கோடு காட்டினால் அவள் வெட்டினாள். மதியம் டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்து, அவர் வாயில் போடுகிறவரை கையை நீட்டிக்கொண்டே நின்றாள். எதிர்க்கடைப் பெண்மணி என்னைக் கூப்பிட்டு, உங்கள் சித்தப்பா எப்போதுதான் தாலி கட்டுவார், நாங்கள் விருந்துக்காகக் காத்திருந்தே குண்டாகிவிட்டோம் என்றாள்.

நைனா டீ குடிக்கப் போன நேரத்தில் நான் சித்தப்பாவிடமே கேட்டுவிட்டேன். இதெல்லாம் எனக்குக் கூச்சம் கிடையாது.

அவர் நைட்டியை மடித்துக்கொண்டே சொன்னார். "கட்டிக்கணும்னு நெனச்சேன் கண்ணு, ரொம்ப வருசத்துக்கு முன்னாடி. போன் பண்ணி உங்க நைனாகிட்ட சொன்னேன். எவளையாவது இட்டுக்கினு வந்த, வாசப்படி மெறிக்காதன்னாரு. அப்பால அவகிட்ட நான் இன்னா பேசறது. அவளும் கேக்கல. கடை ஓடிக்கினு கீது."

எனக்கு இது புதுசு. வீட்டில், சித்தப்பாவுக்கு ஜாதகத்தில் தோஷம் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் மழை. சித்தப்பாவுக்கு சரக்கு வருகிற நாள் என்பதால் நானும் நைனாவும் ஊர் சுற்றக் கிளம்பினோம். ஸ்பெயின்காரர்கள் கட்டிய கோட்டைக்குள் இருக்கிற பழைய மணிலா. ஜாய் என்று ஒரு கல்லூரிப் பெண், பகுதி நேர கைடு, மூன்று பேருக்கு ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னாள். நான் பாதி மழையில் நின்று நைனாவுக்குத் தமிழில் சொன்னேன்.

கதை இப்படிப் போகிறது. ஸ்பெயின் ராஜா இந்த நாட்டைப் பிடித்தார், ஆனால் இதை வைத்து என்ன பிழைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சீனாவிலிருந்து பட்டு வருகிறது, நம்ம கடற்கரையிலிருந்து பருத்தித் துணி வருகிறது. அதையெல்லாம் மணிலாவில் ஏற்றி, மகா சமுத்திரத்தைத் தாண்டி மெக்சிகோவில் இறக்கினால் வெள்ளி கொட்டுகிறது. அடடா என்று அவர் சந்தோஷப்படுவதற்குள் ஸ்பெயினில் இருந்த பட்டு வியாபாரிகள் குய்யோ முறையோ என்று அலறினார்கள். மணிலா சரக்கு மலிவு, எங்கள் பிழைப்பு போகிறது. உடனே சட்டம் மேல் சட்டம். வருஷத்துக்கு ஒரு கப்பல், மிஞ்சினால் இரண்டு. இவ்வளவு மதிப்புக்கு மேல் ஏற்றக் கூடாது. அந்த ஒரு துறைமுகத்தைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது. இருநூற்றைம்பது வருஷம் இதே கூத்து.

கப்பலில் இருக்கிற இடத்தைக் கூறு போட்டு, கோட்டைக்குள் இருக்கிற ஸ்பெயின்காரர்களுக்குச் சீட்டாகக் கொடுத்தார்கள். புருஷனை இழந்தவர்களுக்கும் அதில் பங்கு. சீட்டு வைத்திருப்பவர்களில் நிறைய பேருக்கு வியாபாரமே தெரியாது. தெரிந்தவனுக்கு அதை விற்றுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நிஜமாகவே வாங்கி விற்றது கோட்டைக்கு வெளியே, பீரங்கி குண்டு விழுகிற தூரத்தில் குடி வைக்கப்பட்டிருந்த சீனாக்காரர்கள். ஊரே அந்த ஒரு கப்பலை நம்பி இருந்ததால் யாரும் நிலத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கப்பல் மூழ்கிய வருஷம் ஊரே மூழ்கியது.

"இது நம்ம ரேஷன் கட லைசென்ஸ் மாதிரி," என்றார் நைனா. "பேரு ஒருத்தன், தராசு ஒருத்தன்."

அப்புறம்தான் ஜாய் எங்களுக்கு வேட்டு வைக்கிற விஷயத்துக்கு வந்தாள். மற்ற வெள்ளைக்காரர்கள் யாரும் மணிலாவுக்குக் கப்பல் விடக் கூடாது என்று ராஜா தடை போட்டிருந்தார். ஆசியாக்காரர்கள் வரலாம். மதராசில் இருந்த இங்கிலீஷ்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் சரக்கை, அவர்கள் முதலீட்டில், ஒரு அர்மீனியர் பேரிலோ, முஸ்லிம் வியாபாரி பேரிலோ, ஒரு இந்து பேரிலோ அனுப்பினார்கள். இங்கே இருந்த அதிகாரிகளுக்கும் தெரியும். துணி வேண்டுமே, அதனால் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

நான் வாயைப் பிளந்துவிட்டேன். வெள்ளைக்காரனுக்கு நம்ம ஆள் பினாமி! ஜாலியாக இருந்தது. நைனாவுக்கு ஜாலியாக இல்லை. அவர் முகம் சைட்டில் மனை பார்க்க வந்த பார்ட்டி கழன்றுகொண்ட மாதிரி ஆகிவிட்டது.

"அப்போ கப்பல் யாருது? பேரு குடுத்தவன் அமுக்கிக்கினானான்னு கேளு."

கேட்டேன். ஜாய் யோசித்தாள். சில பேர் விஷயத்தில் பேர் யாருடையது, பணம் யாருடையது என்று இன்றைக்கு யாராலும் பிரிக்க முடியாது, காகிதத்தில் பேர் மட்டும்தான் மிச்சம் என்றாள்.

அவள் எதார்த்தமாகச் சொன்னாள். நைனா அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். "பாத்தியா. கடைசில பேருதான் நிக்கும். இன்னிக்கே முடிச்சிடணும்." சட்டைக்குள் கைவிட்டு, மழையில் பேப்பர் நனைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. சட்டை நனைந்தாலும் பேப்பர் நனையாமல் இருந்ததில் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

அன்று சாயங்காலம் லோர்னா கல்லாவைப் பூட்டிவிட்டு ரூமுக்கு வந்ததும் நைனா பேப்பரை மேஜையில் வைத்தார். அவள் மஞ்சளை முகர்ந்து பார்த்துவிட்டு, சமையல் குறிப்பா என்று கேட்டாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். நான் கெத்து என்று நினைத்த ஒவ்வொரு வார்த்தையிலும் அவள் விரல் நின்று நின்று போனது. 'லோர்னாவாகிய நான் வெறும் பேருக்கு மட்டுமே. கடையில் எனக்கு எந்த உரிமையும் கிடையாது. எனக்குப் பின் என் வாரிசுகளுக்கும் கிடையாது.' அதன் அர்த்தமே எனக்கு அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அவள் நைனாவிடம் எதுவும் கேட்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்து, "குமார், உனக்குத் தெரியுமா?" என்றாள்.

சித்தப்பாவுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். கிழித்துப் போடு என்று சொல்லியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். அவர் அண்ணன் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், தளர்ந்த கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அண்ணன் எதிரில் வாய் திறக்காமல் வளர்ந்தவர்.

லோர்னா பேனா கேட்டாள். கையெழுத்துப் போட்டாள். வெளியில் யாரிடமும் இதைக் காட்ட வேண்டாம் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சாப்பிடாமலே கைன்டாவுக்குப் பஸ் ஏறப் போய்விட்டாள்.

காட்ட வேண்டாம் என்றால் எங்கள் நைனாவுக்குத் தூக்கம் வருமா? சீல் இல்லாத பத்திரம் உப்பில்லாத கஞ்சி என்பது அவர் கட்சி. காலையில் சித்தப்பா கடைக்குப் போனதும், சும்மா விசாரிச்சிட்டு வந்துடலாம் பாப்பா என்றார். நாஷ்டாவுக்கு வாங்கிய புட்டோவைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். புட்டோ என்பது இட்லிக்கு சர்க்கரை போட்டுக் கெடுத்த பண்டம், அதனால் அவருக்கு நஷ்டமில்லை.

மார்க்கெட் மாடியில் நோட்டரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் ஊர் பத்திர எழுத்தர்கள் மாதிரியே, ஃபேனும் நாற்காலியும் ஒரு பென்ச் கூட்டமும். எங்களுக்குக் கிடைத்தவர் வயசான மனுஷர், நல்ல குரல். முதலில் மஞ்சள் என்ன என்று விசாரித்தார். மங்களம் என்றேன். சிரித்தார். பிறகு பேப்பரை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். நாலாவது வரியில் குரல் இறங்கியது. ஆறாவது வரியில் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மெதுவாகப் பேசினார்.

"இது உங்க ஊர்ல ஒப்பந்தமா இருக்கலாம். எங்க ஊர்ல இது குற்ற வாக்குமூலம். பேர் கொடுத்தவங்களுக்கும் தண்டனை, வாங்கினவங்களுக்கும் தண்டனை. ரெண்டு பேரையும் மாட்டிவிட நானே உக்காந்து எழுதினாலும் இவ்வளவு தெளிவா எழுத முடியாது."

தெளிவாக எழுதியது நான். கிழித்துவிடச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கிழித்தோம். ஆனால் பென்ச்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அந்த மார்க்கெட்காரர்கள். லோர்னா பேரையும் கடை எண்ணையும் அவர் அந்த நல்ல குரலில் படித்தாகிவிட்டது.

மறுநாள் நாங்கள் கடையில் இருந்தபோது மார்க்கெட் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மிரட்டவில்லை, காசு கேட்கவில்லை. மரியாதையாக லைசென்ஸைப் பார்த்தார்கள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரிடம், நீங்கள் இங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். சித்தப்பா மடியில் பாதி மடித்த நைட்டி இருந்தது. கைன்டாவிலிருந்து திரும்பி வந்து கல்லாவில் இருந்த லோர்னா முந்திக்கொண்டு, தெரிந்தவர், சும்மா பேச வந்தார் என்றாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புகார் வாய்மொழியாக வந்திருக்கிறது, எழுத்தில் எதுவும் இல்லாததால் இதோடு விடுகிறோம். ஆனால் இனி இவர் கல்லாப் பக்கமோ சரக்குப் பக்கமோ தென்பட்டால் கடை லைசென்ஸ் ரத்து, இரண்டு பேர் மேலும் கேஸ், இவரை நாட்டை விட்டு அனுப்புவார்கள் என்றார்கள்.

சித்தப்பா நைட்டியை மடித்து முடித்தார். அலமாரியில் வைத்தார். எழுந்து வெளியே வந்து எங்களோடு நின்றார்.

 அன்றைக்கு ரூமில் நைனா ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தார். ரியல் எஸ்டேட் கும்பலையே வாயாலே மடக்குகிற மனுஷர், தம்பி காபி கொடுத்தபோது டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். நான் போனில் சட்டம் சட்டமாகத் தேடினேன். ஸ்பெயின் ராஜா போட்ட சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது இவர்கள் தங்கள் ஊர்க் கடைகளைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள வைத்துக்கொண்டது என்று புரிந்தது. அவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை. வழி ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றுதான் கண்ணில் பட்டது. அவளைக் கட்டிக்கொண்டால் கடை அவள் பேரிலேயே இருக்கும். இவர் புருஷனாக இங்கேயே இருந்துவிடலாம். சட்டம் இவரை ஸ்டூலில் உட்கார விடாவிட்டாலும் வீட்டை விட்டுத் துரத்தாது. கேட்கிறவனுக்கு ஒரு பதில் இருக்கும்.

நைனாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "நானே கேக்கறேன்," என்றார்.

கிளம்புகிற நாள் காலையில் மூன்று பேரும் கடைக்குப் போனோம். சித்தப்பா வாங்க வந்தவர்கள் நிற்கிற பக்கமே நின்றுகொண்டார். நைனா வேட்டியைச் சரி செய்துகொண்டு கல்லா முன்னால் போய் நின்று, நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில், என் தம்பியைக் கட்டிக்கோ, தப்பு என்னுது என்றார். மீதியைத் தமிழில் சொன்னார். வாசப்படி மெறிக்கக் கூடாதுன்னு சொன்னது நான்தாம்மா, அவன் இல்ல.

லோர்னா அவரை உட்காரச் சொன்னாள். ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. அவர் உட்காரவில்லை.

அவள் என்னிடம் இங்கிலீஷில் சொன்னாள், நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அந்தப் பயணத்தில் நான் ஒழுங்காகச் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

"குயா, அன்னிக்குக் கேட்டிருந்தா நான் யோசிச்சிருக்கவே மாட்டேன். இப்ப பண்ணா கடைக்காகப் பண்ணாங்கன்னு மார்க்கெட்ல சொல்லுவாங்க. அதுகூடப் பரவாயில்லை. அவர் என்னைக் கட்டினது எனக்காகவா, கடைக்காகவான்னு எனக்கே சந்தேகம் வந்துடும். அந்தப் பேப்பரைப் படிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு அந்தச் சந்தேகம் இருந்ததே இல்லை."

நைனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தப்பா, "வுடு ண்ணா," என்றார். அந்தப் பயணத்திலேயே அண்ணனை அவர் நிறுத்தியது அப்போதுதான்.

ஏர்போர்ட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நானும் நைனாவும் பைகளை எடுத்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பழைய வாடிக்கை போலிருக்கிறது, சித்தப்பாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். தொங்கிக்கொண்டிருந்த சிவப்பு நைட்டி ஒன்றை இழுத்து அவர் கையில் கொடுத்து, இது சாயம் போகுமா என்று கேட்டாள். அவர் துணியை விரலால் தடவக்கூட இல்லை. அப்படியே கல்லா மேல் வைத்தார்.

"தெரியாதுங்க. ஓனரம்மாவைக் கேளுங்க," என்றார் அவர்கள் பாஷையில். அதைப் புரிந்துகொள்ள எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்த அம்மா லோர்னா பக்கம் திரும்பினாள். துணி விஷயம் எல்லாம் இத்தனை வருஷமாக அவர் பொறுப்பு. லோர்னா நைட்டியைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள். பிறகு பழக்கத்தில் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.